தலைவர் உயர மெழுகுவர்த்தி

முத்தியால்பேட்டை சவரிராயன் பஞ்சாலையில் தறி ஓட்டியவர், ஞானஸ்நானம் பெற்றவர், நடிகர் வெற்றிவேந்தன் ரசிகர் மன்றத்தின் தலைவர். இம்மூன்றில் எதற்கு அவர் நேரம் தவறாமல் போனார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிரசங்கம் கால் மணி நீண்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். அதே மனிதர் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்க ஐந்து மணி நேரம் வெயிலில் தவம் கிடப்பார்.

இது, வேறு தெய்வம் கூடாது என்ற முதல் கட்டளைக்கு விரோதமில்லையா என்று 1977 ஆகஸ்டில் அவரிடம் எழுத்து மூலம் கேட்டேன். நகல் இருக்கிறது. பதில் தெருவில் கிடைத்தது: "அண்ணே, கட்-அவுட்டுக்குப் பால்தான் ஊத்தறோம். முட்டி போட்டமா?" மறுவாரம் கோயில் திருவிழாக் குழுப் பட்டியலில் என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டியலும் இருக்கிறது.

அவர் மனைவி சின்னப்பாப்பா 1976-இல் மூன்றாவது பேறுகாலத்தில் சாகக் கிடந்தாள். அவள் பிழைத்தால், அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியைத் தோளில் சுமந்து நடந்தே வருவதாக வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார் சவரிராயன். அவள் பிழைத்தாள். பிறந்த குழந்தையும் நடக்கத் தொடங்கியது. சவரிராயன்தான் இன்னும் நடக்கவில்லை. "நேர்ந்தது அப்டியே நிக்குதே, புள்ளைக்கு ஏதாவது ஆயிடப்போவுது" என்று அவள் தினமும் பயந்தாள்.

1978-இல் வெற்றிவேந்தன் படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மூன்றே நாளில் மெழுகுவர்த்தி வீட்டுக்கு வந்தது, அவருக்காக மாதாவுக்கு நேர்ந்தது. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். ஆதாரம், மன்ற மலர், பக்கம் எட்டு.

"அப்போ எனக்கு?" என்றாள் சின்னப்பாப்பா.

"நீதான் நல்லா இருக்கியே!"

கால் கூடியதும் நடிகர் கடலூர் போகும் வழியில் புதுச்சேரியில் காரை நிறுத்தினார். அவர் கைபட்ட பிறகே மாதாவுக்குச் செலுத்துவது என்று மன்றம் முடிவு செய்திருந்ததால், சவரிராயன் மெழுகுவர்த்தியை அவர் பக்கத்தில் நிறுத்திப் பிடித்தார்.

"யாருக்குப்பா இது?"

"உங்களுக்குத்தான் தலைவா. உங்க உயரம்."

தலைவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மன்றத்துக்குப் பெரும் சங்கடம். வெட்டினால் தலைவர் குள்ளம் என்று ஒப்புக்கொண்டதாகும். வெட்டாவிட்டால் மாதாவுக்குப் பொய்யளவு. மூன்று மாலை கூடிப் பேசி, குதிரையிலிருந்து விழுந்ததில் தலைவர் சற்றே குறுகியிருக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் மன்றச் செயலாளர் அரிகிருஷ்ணன். நகல் என்னிடம் வந்து சேர்ந்த விதம் வேறு கதை.

நான்காம் நாள் காலை சின்னப்பாப்பா மெழுகுவர்த்தியைச் சுவரோரம் நிறுத்தி, பக்கத்தில் நின்று, தன் உச்சந்தலைக்கு நேராக நகத்தால் கீறினாள். அரிவாள்மனையால் அறுத்தாள். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வில்லியனூர்ச் சாலையில் நடந்தாள். சவரிராயன் பின்னாலேயே ஓடினார்.

"அடிப்பாவி, தலைவரோடதுடி அது!"

"நாலடி ஒம்பது. என் உயரம். மாதாவுக்கு நீ சொன்னது இதைத்தான்."

"மீதி?"

"வூட்ல கெடக்குது. உன் தலைவருக்கு ஏத்து. மலர்ல ஏழடின்னு போட்டுக்குவாங்க."

அவர் வாதாடிக்கொண்டே வந்தார். ரெட்டியார்பாளையம் தாண்டியதும் அவள் இருமினாள். நின்று தோள் மாற்றினாள். சவரிராயன் மெழுகுவர்த்தியை வாங்கித் தம் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.