பொட்டாசியம் ஊற்றச் சொன்னது நான்தான்

பெங்களூரு ஆய்வகத்தில் நானும் அவளும் உதவியாளர்கள். இருவருக்கும் சொந்த ஊர் தங்க வயல். அவள் மாரிக்குப்பத்திலேயே ரயில் ஏறி, அதற்கப்புறம் வரும் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் எனக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருப்பாள். அதிலும் அவள்தான் முந்தி! அடுத்த வருஷத்துக்கு ஒருத்திக்குத்தான் வேலை என்று ஆய்வகத்தை நடத்தும் மேடம் சொல்லிவிட்டார்கள். ரத்த அழுத்த மருந்துக்காக ஆளுக்கொரு செடியைச் சோதித்துக்கொண்டிருந்தோம்; யாருடைய செடி பலிக்கிறதோ அவளுக்கு.

எலியின் பெருநாடியில் ஒரு வளையம் வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் நூல் கட்டித் தொங்கவிடுவோம். நார்அட்ரினலின் விட்டால் அந்த மென்தசை இறுகும், கணினியில் கோடு ஏறும். தசையில் அது வந்து உட்காரவென்றே ஏற்பிகள் உண்டு. செடியிலிருந்து பிரித்த ஆல்கலாய்டு முன்கூட்டியே அங்கே போய் உட்கார்ந்துவிட்டால், நார்அட்ரினலின் சீட்டில் கைக்குட்டையைப் பார்த்த பயணி போல நிற்க வேண்டியதுதான். கோடு ஏறாது. என் செடிக்கோ ஒவ்வொரு முறையும் ஜம்மென்று ஏறித் தொலைத்தது.

அவளுடையது எங்கள் ஊரில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டோரம் தானாக முளைப்பது. பள்ளிக்கூடம் போகையில் நானும் மிதித்துக்கொண்டு போன செடிதான். அன்று சாயங்காலம் அவள் கோடு அசையவே இல்லை. மேடம் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“வாடி, ட்ரெய்னுக்கு டைம் ஆச்சு,” என்று பையை எடுத்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கடைசியாகப் பொட்டாசியம் ஊற்றிப் பார்க்கும் சோதனையை விட்டுவிட்டாள். தசை செத்துப்போயிருந்தாலும் கோடு ஏறாதே! பொட்டாசியத்துக்கு அந்த ஏற்பிகள் தேவையில்லை. உயிருள்ள தசையானால் அதற்கு இறுகியே தீரும்.

“இன்னாடி, பொட்டாசியம் பாக்காமலே கெளம்பற?” என்று மேடம் காதில் விழும்படி கேட்டேன். செத்திருக்கட்டும், செத்திருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

அவள் முகம் வெளுத்தது. பையை வைத்துவிட்டு ஊற்றினாள். கோடு விறுவிறுவென்று ஏறியது. தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏற்பிகள் மட்டும்தான் அடைபட்டிருந்தன. இனி யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது. என் வேலை அந்தக் கோட்டோடு போயிற்று.

ரயிலும் போய்விட்டது. பங்காருபேட்டை வரை வேறு வண்டியில் நின்றுகொண்டே வந்தோம். அவள் என் கையை விடவே இல்லை.

“நீ மட்டும் சொல்லலேன்னா என் மானமே போயிருக்கும். வேற எவ சொல்லுவா?” என்றாள்.

என்னால் அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அவளுக்காகச் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, தன் துப்பட்டாவால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.