நடந்து இறங்கிய பஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் ஓர் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஓட்டலில் சமையற்காரர்.

சீசன் முடிகிற நேரத்தில் அந்தக் காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்து மெட்ராசில் இறங்கியது என்று பேப்பரில் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். படித்தவர்கள் ‘ஃப்ளூ’ என்றார்கள். எங்கள் தெருவில் அதற்கு விஷக்காய்ச்சல் என்றுதான் பெயர். காலையில் சிரித்துப் பேசிக்கொண்டு போனவர் மத்தியானம் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார். பால் ஊற்றுகிற அம்மா படுத்தார். தபால்காரர் படுத்தார். பேக்கரியில் ரொட்டி போட ஆளில்லாமல் கதவைச் சாத்தினார்கள். ஏரியில் படகுகளெல்லாம் கட்டிப் போட்டபடியே மழையில் நனைந்தன. எந்த வீட்டு வாசலைத் தாண்டினாலும் தைலமரத்து இலை கொதிக்கிற வாசனை. எழுந்து நடமாட முடிந்தவர்கள் கஞ்சி காய்ச்சி, படுத்திருக்கிறவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டு அக்கா அப்படித்தான் கஞ்சி வைத்தார். நான் தேறி எழுந்த கையோடு என் கணவர் படுத்தார்.

அவருக்குக் காய்ச்சல் விட்டது போல விட்டுத் திரும்பவும் அடித்தது. இந்தத் தடவை நெஞ்சில் இறங்கிவிட்டது. மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வராந்தாவில்கூடக் கால் வைக்க இடமில்லை. டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அவரே நின்றபடி தூங்குகிற நிலைமையில் இருந்தார்.

“நெஞ்சுல சளி கட்டிடுச்சும்மா. இதுக்குப் போடுற ஊசி மருந்து எங்ககிட்ட தீந்துபோச்சு. இந்தக் குளிருல இவர வச்சிருக்காதீங்க. இன்னைக்கே கீழ வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோயிருங்க” என்றார்.

‘இன்னைக்கே’ என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டதும் நான் ஆள் கூப்பிட ஓடினேன்.

எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் இன்னொருவரும் என் கணவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கம்பளி போர்த்தி, பஸ் நிற்கிற இடத்துக்குச் சுமந்து வந்தார்கள். அங்கே போனால் பஸ்ஸே இல்லை. டிரைவர்கள் பாதிப் பேர் படுத்துவிட்டார்களாம். எப்போது வரும், வருமா வராதா என்று சொல்லக்கூட ஆள் கிடையாது. பெஞ்சில் அவரைச் சாய்த்து வைத்துக்கொண்டு மலைப்பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உச்சிப்பொழுதுக்கு ஒரு பஸ் மேலே வந்தது. அரிசி மூட்டைகளை இறக்கினார்கள். டிரைவரும் கண்டக்டரும் ஒதுங்கி நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். டிரைவர் எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கண்டக்டர் வந்து, “ஏறுங்க, ஏறுங்க, வெரசா ஏறுங்க” என்றார்.

என் கணவரை முன் சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார வைத்தோம். அவர் இருமிய இருமலில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போய்விட்டார்கள். வாழைத்தார் வியாபாரி ஒருவர், பண்ணைக்காட்டுக்காரர், துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சத்தம் போட்டார்.

“ஏம்ப்பா கண்டக்டரு, நோயாளிய ஏத்திக்கிட்டு இத்தன பேரையும் கொல்லப் பாக்குறீகளா? என் வீட்டுல பச்சப்புள்ள கெடக்கு. இறக்கி விடுங்க அவர.”

நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பயமா இருக்கவுக இறங்கிக்கிடலாம். வண்டி போகும்” என்றார். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அடுத்த பஸ் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

செண்பகனூரில் வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் கையைக் காட்டி நிறுத்தி ஏறினார். பஸ்ஸில் அத்தனை இடம் இருந்தும் நேராக வந்து எங்கள் சீட்டில் உட்கார்ந்து, என் கணவரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். “நான் நர்ஸ் வேலை பார்த்தவள்மா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெருமாள்மலை தாண்டியதும் மேகம் பாதையை மூடிக்கொண்டது. சாரலும் விடவில்லை. ஊத்து என்கிற ஊர் வரை பஸ் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகுதான் நான் டிரைவரைக் கவனித்தேன். அந்தக் குளிரில் அவர் மப்ளரை அவிழ்த்துக் கீழே போட்டிருந்தார். பின்கழுத்தில் வேர்வை ஓடியது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, தலையை ஒரு உலுக்கு உலுக்கிக்கொள்வார். ஒரு வளைவில் பஸ் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிப் போய், கைப்பிடிச் சுவரை உரசுவது போல வந்து திரும்பியது. பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். கொஞ்ச தூரத்தில் பாதை அகலமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டார்.

கண்டக்டர் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “அய்யோ, கொதிக்குது!” என்றார்.

வண்டி ஓட்டத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கண்டக்டர் கேட்டார். ஒருவரும் இல்லை. வேறு வண்டி வந்தால் உதவி கேட்கலாம் என்று காத்திருந்தோம். காய்ச்சல் காலத்தில் எந்த வண்டி வரப்போகிறது? மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மேகம் இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. இதற்குள் என் கணவரின் உதடு கறுத்துப்போய், விரல் நகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. கன்னியாஸ்திரீ என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, “ஐயா, இவருக்கு ரொம்ப நேரம் இல்லை” என்று மெதுவாகச் சொன்னார்.

டிரைவர் தலையைத் தூக்கினார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“எனக்கு ரோடு ரெண்டா தெரியுதும்மா. கை கால் வேலை செய்யுது. கண்ணுதான் ஏமாத்துது” என்றவர் கண்டக்டரைக் கூப்பிட்டார். “எல்லாரையும் இறக்கு. முதல் கியர்ல போட்டு, வண்டிய நடக்க விட்டு இறக்கிருவோம். நீ விசிலோட முன்னாடி போ. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஆளு நடக்கணும், அடைக்கட்டையோட. வண்டி நழுவுனா கட்டையப் போட்டுரணும். பக்கத்துல உக்காந்து எனக்கு ரோட்டச் சொல்ல ஒரு ஆளு வேணும். என்னயத் தூங்கவும் விடக் கூடாது.”

பின்னால் இருந்து அந்த வாழைத்தார் வியாபாரிதான் முதலில் எழுந்து வந்தார். “கட்டைய இங்க குடு” என்று வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி மழையில் இறங்கினார். இன்னொரு பக்கத்துக்கு வேறொருவர். மற்றவர்களெல்லாம் இறங்கிப் பின்னால் நடந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார யார் என்று கேட்பதற்குள் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். என் கணவரைக் கன்னியாஸ்திரீ மடியில் சாய்த்துக்கொண்டார். அவரைத் திரும்பிப் பார்க்கவே கூடாது, பார்த்தால் என்னால் எதுவும் முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. மனுஷன் நடக்கிற வேகம்தான். முன்னால் மேகத்துக்குள் கண்டக்டரின் காக்கிச் சட்டை தெரியும், மறையும். விசில் சத்தம் மட்டும் விடாமல் கேட்கும். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபடி, “அண்ணே, நேரா இருக்கு. அண்ணே, வலப்பக்கம் வளையுது. இன்னும், இன்னும் திருப்புங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதுவரை புருஷன் வீட்டு ஆண்களிடம்கூட நான் நிமிர்ந்து பேசியதில்லை.

அவர் தூங்காமல் இருக்க ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். சொந்த ஊர் எது, வீட்டில் யார் யார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டு பேரும் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்றார். பெயர் கேட்டேன். மூத்தவள் பெயரைச் சொன்னார். இளையவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெயர் மறந்துபோன மாதிரி விழித்தார்.

டம்டம் பாறைக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. “அண்ணே, வளைவு வருது” என்றேன். அவர் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. “அண்ணே!” தலை மார்பில் தொங்கிவிட்டது. கால் பிரேக்கிலிருந்து வழுக்கி விலகியது. பஸ் உதறிக்கொண்டு வேகம் பிடித்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரத்துக்குப் பாய்ந்தார். கண்ணாடிக்கு முன்னால் கைப்பிடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று மேகம் மட்டும்தான்.

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். மறுபடியும் அறைந்தேன். “பிரேக்கு! பிரேக்க அமுக்குங்கண்ணே!” என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு விழித்து, இரண்டு காலையும் ஊன்றி மிதித்தார். அதே நேரத்தில் பின்னால் சக்கரத்துக்கு அடியில் கட்டை நொறுங்குகிற சத்தம் கேட்டது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. முன் மூக்கு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது. அது கீழே போய் மோதுகிற சத்தத்தை எதிர்பார்த்தேன். கேட்கவே இல்லை.

கீழே இறங்கிப் பார்த்தேன். அடைக்கட்டை பிளந்து கிடந்தது. வியாபாரி சேற்றில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருந்தார். இரண்டு விரல் நசுங்கி ரத்தம் சொட்டியது. “அண்ணே, கையி...” என்றேன்.

“கையி கெடக்கு. உம் புருஷனுக்கு மூச்சு இருக்கா பாரு” என்றார்.

மூச்சு இருந்தது. கன்னியாஸ்திரீ ஜெபம் சொல்லிக்கொண்டே அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் ரிவர்ஸ் கியர் போட, எல்லோரும் சேர்ந்து பஸ்ஸைப் பின்னுக்குத் தள்ளிப் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். டிரைவர் மழைத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். “இன்னும் கொஞ்சந்தான் தாயி. நான் சொணங்கினா யோசிக்காம அறஞ்சிரு” என்றார். கட்டைக்குப் பதிலாகக் கல்லைத் தூக்கிக்கொண்டார்கள். வியாபாரி ஒரு கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மறு கையில் கல்லோடு நடந்தார். அப்புறம் நான் பேசவில்லை, கத்தினேன். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது, அப்போதும் கத்தினேன்.

கீழே இறங்க இறங்க மேகம் விலகி, வெயில்கூடத் தெரிந்தது. அடிவாரத்தில், காட்ரோடு என்கிற இடத்தில், டீக்கடைக்கு முன்னால் மாங்காய் ஏற்ற வந்த ஒரு லாரி நின்றது. எங்கள் பஸ் ஊர்ந்து வருவதையும் ஆட்கள் கூடவே நடந்து வருவதையும் பார்த்துவிட்டு, லாரி டிரைவர் டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்தார். எங்கள் டிரைவர் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைக் கையில் எடுத்தார். அதோடு சரிந்துவிட்டார். லாரிக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் லாரியை அப்படியே விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸை எடுத்தார். ஒரு சீட்டில் என் கணவர், இன்னொரு சீட்டில் டிரைவர். இரண்டு பேரையும் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் ஒன்றாகவே இறக்கினோம்.

அங்கே மருந்து இருந்தது. ஊசி போட்டார்கள். ராத்திரி தாண்டட்டும் என்றார்கள். தாண்டியது. மறுநாள் விடிந்ததும் என் கணவர் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

அன்றைக்குக் காலையில் கண்டக்டர் பார்க்க வந்தார். அவர்தான் அதைச் சொன்னார். கொடைக்கானலில் அரிசி இறக்கும்போதே டிரைவருக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டதாம். வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் படுத்துவிடலாம் என்று கண்டக்டர் சொல்லியிருக்கிறார். டிரைவர் பெஞ்சில் கிடந்த என் கணவரையும் என்னையும் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு நம்மள விட்டா வேற யாரு இருக்கா? மெல்லப் போயிருவோம்” என்றாராம்.

டிரைவருக்கு நினைவு தெளிய நாலைந்து நாள் ஆயிற்று. அவர் மனைவி, தேறிய இரண்டு மகள்களோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் காலில் விழப்போனேன். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். ஊத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தியது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே நினைவில்லை.

“நானா ஓட்டுனேன்? யாரோ ஒரு பொம்பள ஏங்கிட்ட ஓயாம எதையோ கேட்டுக்கிட்டே வந்தது மட்டும் கனவு மாதிரி இருக்கு” என்றார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டு, “இது ஏன் வலிக்குதுன்னுதான் தெரியல” என்றார். நான் சொன்னதும் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை, அழுதேன்.

என் கணவர் அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தார். வாழைத்தார் வியாபாரியை ஒரே ஒரு முறை பண்ணைக்காட்டுச் சந்தையில் பார்த்தேன். அவருக்கு ஒரு விரல் மடங்காமலே நின்றுவிட்டது. அவர் என்னை அடையாளம் கண்டு, “வீட்டுக்காரரு சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டு, ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தைக் கையில் திணித்தார். லாரிக்காரரின் ஊர்கூட எனக்குத் தெரியாது.

நோய்க் காலங்கள் அதற்குப் பிறகும் வந்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் விலகி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. பயம் எல்லோருக்கும் வரும், அன்றைக்கு அந்த வியாபாரிக்கும் வந்தது, எனக்கும் வந்தது. பயந்துகொண்டே எழுந்து மழையில் இறங்கிய அந்த மனுஷர்களால்தான் என் வாழ்க்கை எனக்குத் திரும்பக் கிடைத்தது என்பதை மட்டும் நான் ஒரு நாளும் மறந்ததில்லை.