மென்று தின்ற களி

காட்டை அடைத்து வளரும் உண்ணிச்செடியைப் பிடுங்குவது எங்கள் ஊரில் கூலி வேலை. அதையே ஒரு வார முகாம் என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காசு கட்டி வந்து செய்கிறார்கள் என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. உள்ளூர் ஆட்களுக்கு இலவசம் என்று என் பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். "நீயும் எங்க டூர் போயிருக்கப்பா?" என்றாள். பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் பக்கத்துக் காட்டுக்கு, ஒரே பஸ்ஸில், டூர் போனேன்.

தகரக் கொட்டகையில் இருபது பேர் வரிசையாகப் படுத்தோம். என் பக்கத்துப் பாய் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜருக்கு. அவர் குறட்டைக்குக் காட்டுப்பன்றிகூட அந்தப் பக்கம் வரவில்லை. காலையில் கக்கூசுக்கு வரிசை, தட்டு கழுவ வரிசை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வேரோடு செடி பிடுங்குவதில் நான்தான் முதல் ஆள் என்று கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

பொறுக்க முடியாதது மதியச் சாப்பாடு. தினம் ஒருவர் சமைக்க வேண்டும். சமைத்தவர் சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து நின்று, அந்தப் பண்டத்தைப் பற்றியும் தன்னைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். முகாமை நடத்திய பெண் போட்ட சட்டம் இது. ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்பதும் அவர் சட்டம்தான். நான் அஞ்சாவதோடு நின்றவன். என் கல்யாணத்திலேயே நான் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும்.

நாலாம் நாள் என் முறை. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு போன் போட்டேன்.

"பையைக் கட்டிட்டேன். காலைல முதல் பஸ்ஸுக்கு வந்துடறேன்."

"பேசப் பயந்துக்கிட்டு ஓடியாறீங்களா? வூட்டுக்கு வாங்க, ஒரு உருண்டை களிகூடக் கிடைக்காது" என்றாள் மனைவி.

களி என்றதும்தான் வழி தெரிந்தது. களி ஆறினால் கல். சூட்டோடு தின்றாக வேண்டும். பேச்சை யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

மறுநாள் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி, ஆளுக்கொரு உருண்டை வைத்தேன். அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினேன்.

"அண்ணா, பேசுங்க" என்றார் அந்தப் பெண்.

"ஆறிடுங்க. மொதல்ல சாப்பிடுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

நம்பி உட்கார்ந்தார்கள். சத்தமே இல்லை. தப்பித்தேன் என்று நிமிர்ந்து பார்த்தால், அத்தனை பேரும் மெல்லுகிறார்கள். களியை! அதுவும் கணக்கு வைத்து. களியை யாராவது மெல்லுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மெல்லக் கூடாதென்று எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஒருத்தருக்கு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. இன்னொருத்தர் விரலைவிட்டுத் தோண்டினார். அந்தப் பெண் கண்ணில் தண்ணீரோடு பதினெட்டோ பத்தொன்பதோ எண்ணிக்கொண்டிருந்தார். மேனேஜர் வாயிலிருந்து உருண்டையை இழுத்தார். மேல்வரிசைப் பல்செட்டும் கூடவே வந்தது.

என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"யோவ், மெல்லாதீங்க! முழுங்குங்க!"

அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே புதுசு. கத்தியாயிற்று, இனி என்ன வெட்கம்? துளி கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, அண்ணாந்து தொண்டைக்குள் விட்டுக் காட்டினேன். "பல்லுக்கு இங்க வேலையே இல்லைங்க. வழுக்கிட்டுப் போகணும்." ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கிள்ளிக் காட்டினேன்.

அந்தப் பெண் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அண்ணா, உங்களைப் பத்திச் சொல்லலையே" என்றார்.

"விடும்மா, இதுக்கு மேல என்ன சொல்லணும்?" என்றார் மேனேஜர். பல்செட்டைச் சட்டைப்பையில் போட்டிருந்தார். அன்றைக்கு மூன்று உருண்டை தின்றது அவர் ஒருவர்தான்.

பையைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டேன்.

"பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்னன்னு?"

"முழுங்கச் சொன்னேன்."