வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள்

சந்தைக்குப் போகும்போது படுத்துக்கொள்ள என் மாட்டுவண்டியில் பலகை அறை ஒன்று கட்டினேன் அல்லவா? அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் பார்த்து வாங்கியதும் அடித்ததும் என் மச்சான்தான்.

"யுத்த காலத்துல இரும்பு எங்கீங்க மாமா கெடைக்குது? வெளிப்பக்கம் ஒண்ணு போதும். காவலுக்கு நான் இருக்கறனுங்களே" என்றான்.

நம்பினேன்.

இன்று புதுச்சத்திரம் சந்தையில் ஒரு சோடிக் காளைகளை அவனிடம் காட்டி, "இதைத்தான் வாங்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்குள் சற்றுக் கண்ணயர்ந்தேன். விழித்தால் கதவு வெளியே தாழிட்டிருக்கிறது. தொண்டை வறளக் கத்தினேன்.

வழியே போன ஒருவர் திறந்துவிட்டு, "கன்னுக்குட்டி கத்துதுன்னு நெனச்சனுங்க" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தால், தரகரின் துண்டுக்கடியில் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசி, அதே காளைகளைத் தனக்கென்று முடித்திருந்தான் மச்சான்.

"நல்லாத் தூங்குனீங்க மாமா. எழுப்ப மனசு வரலீங்க."

தாழ்ப்பாளைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே பிடிக்கிறது. மாற்ற வேண்டியது மச்சானைத்தான். உங்கள் பக்கம் தோதாக யாராவது இருந்தால் சொல்லுங்கள்.