வேப்பிலையைத் தாண்டித் தூக்கிக்கினு போன புள்ள

ஆத்தாளை நம்பியிருக்கிற எல்லாருக்கும் களமருதூர்லேருந்து செல்வி எழுதுறேன். எட்டாவதோட நின்னவ. தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

போன ஆடியில என் நாலு வயசுப் புள்ள கவினுக்குக் காய்ச்சல் வந்துச்சு. உடம்பெல்லாம் செவப்புத் தடிப்பு. கண்ணு ரெண்டும் ரத்தமாட்டம். உதடு வெடிச்சு, நாக்கு கோவப்பழமாட்டம் செவந்து கெடந்துச்சு. எங்க அத்தை பாத்ததுமே கன்னத்துல போட்டுக்கினாங்க. "ஆத்தா வந்திருக்காடி"ன்னு வாசல்ல வேப்பிலை சொருகினாங்க. அம்மை எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஊசி மருந்து கூடாது, புள்ளைய வாசப்படி தாண்டித் தூக்கக் கூடாது. எங்க வூட்டு வழக்கம் அது.

எனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். வூட்டுக்காரரு வர லேட்டானாலே சாமிய வேண்டிக்கினு ஒக்காந்துடுவேன். அதனால என் பேச்சை யாரும் காதுல போட்டுக்கல. ஆனா அம்மைக் கொப்புளம் ஒண்ணுகூட கெளம்பல. காய்ச்சலும் கம்மியாவல. கையும் காலும் வீங்கிப்போச்சு.

"இன்னா அத்தை, அம்மைன்னா நீர் கோக்காதா?"ன்னேன்.

"நீ பெரிய டாக்டரு! ஆத்தாளுக்கே பாடம் எடுக்கிறியா? உன் வாயாலதான் குத்தம் வரப்போவுது."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனா சாமி குத்தம். போவாட்டி புள்ள?

வூட்டுக்காரரைப் புள்ளகிட்ட விட்டுட்டு மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். அத்தையும் பின்னாலயே வந்தாங்க. பூசாரி அம்மன் தோள் ரெண்டுலயும் ஈரப்பூவை ஒட்டவச்சாரு. வலப்பக்கம் விழுந்தா புள்ளையத் தூக்கிக்கினு போவ உத்தரவு. பூ அசையல. "தாயே, குத்தம்னா எனக்குக் குடு. என் புள்ளைக்கு வழிய விடு"ன்னு கத்திட்டேன்.

வலப்பக்கத்துப் பூ விழுந்துச்சு.

அத்தையேதான் ஆட்டோவைக் கூப்பிட்டாங்க. வூட்டுக்குப் போயி, வாசல் வேப்பிலையைத் தாண்டிப் புள்ளையத் தூக்கிக்கினு கெளம்பினோம்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில டாக்டரம்மாவுக்குப் புள்ள நாக்கைப் பாத்ததுமே மொகம் மாறிடுச்சு. "இது அம்மை இல்லம்மா. ஒடம்புக்குள்ள கிருமிய அடிக்க வேண்டிய சக்தி, இவன் ரத்தக் கொழாயையே அடிக்குது. கொழாய் சுவரு வீங்குது. இருதயத்துக்குப் போற கொழாய் பலூனாட்டம் உப்பிட்டா உசுருக்கே ஆபத்து"ன்னாங்க. கவாசாக்கின்னு பேராம். ஸ்கேன்ல அந்தக் கொழாய் லேசா உப்ப ஆரம்பிச்சிருந்துச்சு.

மருந்து சொட்டுச் சொட்டா ஏறுச்சு. எத்தனையோ பேரு குடுத்த ரத்தத்துலேருந்து பிரிச்ச மருந்தாம். நெத்தியத் தொட்டா கொதிக்குது. "ஆத்தா, ஆத்தா"ன்னுக்கினே ஒக்காந்திருந்தேன். வேற ஒண்ணும் வாயில வரல. மறுநாள் தொட்டேன், வேர்த்திருந்துச்சு. புள்ள கண்ணத் தெறந்து, "கூழு குடும்மா"ன்னான். அத்தை அழுதுக்கினே, "பாருடி, ஆடி மாசத்தை மறக்கல"ன்னாங்க.

மாத்திரை குடுத்துக்கினே இருந்தோம். தைப் பொங்கல் கழிச்சு எடுத்த ஸ்கேன்ல கொழாய் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. எம் பயம் முழுசாப் போவல. ஆனா இப்போ பயந்துக்கினே ஒக்காந்திருக்கிறதில்ல, எழுந்து ஓடுறேன். ரத்தம் குடுத்தவங்க யாருன்னு தெரியாது. வெள்ளிக்கெழம வெளக்கேத்துறப்போ அவங்க புள்ளைங்களுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்.

ஆத்தாளை நம்புறவங்களே, என்னையாட்டம் உத்தரவுக்காக நிக்காதீங்க. புள்ளையத் தூக்கிக்கினு ஓடுங்க. வேண்டுதல ஆட்டோவுல வச்சுக்கங்க. அவ கூடவே வருவா.