குண்டூசியக்கா இரண்டு தடவை கேட்டாள்

எங்கள் துணிக்கடையில் மேல் மாடிகளில் கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் மெத்தை நாற்காலிகளும் உண்டு. அடித்தளத்தில் நாங்கள் உண்டு. புதிதாக வாங்கிய பேன்ட்டின் கால் நீளமாக இருந்தால், சட்டை தொளதொளவென்று இருந்தால், வாங்கியவர் மேலே உட்கார்ந்திருப்பார். துணி மட்டும் கூடையில் கீழே வரும். நாங்கள் மடித்து, தைத்து, அயர்ன் போட்டு மேலே அனுப்புவோம். நான் அயர்ன் போடுகிறவள். குண்டூசியக்கா தைக்கிறவள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பள நாளன்று மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மடிப்பு நிற்பதற்காகக் குத்தும் குண்டூசிகளை உதட்டில் வரிசையாகக் கவ்விக்கொண்டுதான் அவள் வேலை செய்வாள். ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவாள். ஊசி வாயில் இருக்கும்வரை சத்தம் வராது. தீர்ந்ததும் பேச ஆரம்பிப்பாள், அந்தப் பேச்சுக்கு ஊசியே தேவலை. எங்கள் சூப்பர்வைசர் அவள் வாயில் ஊசி இருக்கும் நேரம் பார்த்து வந்து வேலையைச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார். பட்டப்பெயர் அவர் வைத்ததுதான்.

அவளைச் சும்மா வாயாடி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அம்மா செத்தபோது அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பா வேலைக்குப் போக வேண்டும், குழந்தையை யார் பார்ப்பது? அக்கா புத்தகப் பையை ஆணியில் மாட்டியவள்தான், திரும்ப எடுக்கவில்லை. தங்கச்சிக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, யூனிஃபார்ம் தைத்து, காலேஜ் வரைக்கும் படிக்க வைத்து, நல்ல இடத்தில் கட்டியும் கொடுத்தாள். அக்காவுக்கு வாய்த்த கணவரோ லாரி ஓட்டுகிறவர். "அவரு லாரியோட போனாரு, லாரி மட்டும் திரும்பி வந்துச்சு" என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வாள். விபத்தெல்லாம் இல்லை. வேறு ஊரில் வேறு குடும்பம்.

மிச்சம் ஒரே மகள். அந்தப் பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது தங்கச்சி இருக்கும் ஊரில். ஹாஸ்டல் கட்டுப்படியாகாது. "எங்க வீட்டுல இருக்கட்டும்க்கா, உன்ன விட்டா எனக்குன்னு யாரு இருக்கா?" என்றாள் தங்கச்சி. அக்கா அன்று அடித்தளம் முழுக்க இனிப்பு கொடுத்தாள். மகள் படிப்பை முடித்துவிட்டுத் தன்னோடு வந்து இருக்கப் போகிறாள் என்பதுதான் அதற்கப்புறம் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்த ஒரே எண்ணம். யாரோடாவது சண்டை போட்டால்கூடக் கடைசியில், "எம்பொண்ணு வரட்டும், அப்புறம் நான் ஏன் உங்க மூஞ்சில முழிக்கப் போறேன்?" என்றுதான் முடிப்பாள்.

கூடவே தங்கச்சி தன் பழைய போனையும் கொடுத்தாள். விலை உயர்ந்த போன். அவளுக்குப் புதியது வந்துவிட்டதாம். இனிமேல் இதிலேயே பேசிக்கொள்ளலாம் என்றாள். பேசவா செய்தாள்? நேரில் பேசினால் எதிர்ப்பேச்சு வருமே. தன் குரலைப் பதிந்து பதிந்து அனுப்புவாள், அவ்வளவுதான். அக்கா வேலைக்கு நடுவே அந்த மெசேஜ் பக்கத்தைத் திறந்து போனைக் காதுக்குக் கொண்டுபோவாள். பொத்தான் எதையும் அமுக்க வேண்டாம். காதருகே போனதுமே அது தானாகப் பேசும்.

"அக்கா, உடம்பப் பாத்துக்கோ. உம்பொண்ணப் பத்திக் கவலையே படாத, எம்பொண்ணு மாதிரிதான் பாத்துக்கறேன். என்ன, காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுந்தான்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும். நான் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா. நீ பக்குவமா ஒரு வார்த்த சொல்லு."

வார்த்தைக்கு வார்த்தை தேன் ஒழுகும். உள்ளே மிளகாய் இருக்கும். அந்தப் பெண் விடிவதற்குள் எழுந்து அந்த வீட்டுப் பாத்திரம் கழுவி, அவர்கள் பிள்ளைகளைக் கிளப்பி அனுப்பிவிட்டுத்தான் காலேஜுக்கு ஓடுகிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? படிப்பு முடிகிறவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தையல் மெஷின்கள் ஓடுகிற அறையில் எதுவும் முழுசாகக் காதில் விழாது. அதனால் அக்கா எதையும் இரண்டு தடவை கேட்பாள். முதல் தடவை கேட்டு முடித்ததும் போனை இறக்கி, மறுபடி காதுக்குக் கொண்டுபோவாள். இரண்டாவது தடவை அது ஒன்றும் பேசாது. "இதுவும் அவள மாதிரியே, சொன்னதத் திரும்பச் சொல்லாது" என்பாள். போன் காதில் இருக்கும்போதே அவளுக்குப் பொங்கிக்கொண்டு வரும்.

"எம்பொண்ணு மாதிரியாம்! உம்பொண்ணா இருந்தா பாத்திரம் கழுவ விடுவியாடி? உனக்கு மூக்கத் தொடச்சு விட்டவ நானு. எனக்கே பக்குவம் சொல்லித் தர்ற!"

கொட்டித் தீர்த்துவிட்டுப் போனை மேஜையில் வைப்பாள். ஊசியைக் கவ்விக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் தங்கச்சியை நிஜமாகவே அழைத்து, "சொல்றேம்மா, சின்னப் பொண்ணுதானே, நீ மனசுல வெச்சுக்காத" என்று குழைவாள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் வந்த செய்தி கொஞ்சம் காரமாகவே இருந்தது. மகள் ஒரு பாடத்தில் பெயிலாகிவிட்டாள், கேட்டதற்கு எதிர்த்துப் பேசினாள், இப்படியே போனால் தன்னால் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லியிருந்தாள் தங்கச்சி. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அன்று மேலேயிருந்து கூடை கூடையாக வேலை வேறு இறங்கிக்கொண்டிருந்தது. போனை இரண்டாவது தடவை காதில் வைத்தவள் இந்த முறை தங்கச்சியை விட்டுவிட்டு மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சனியனே, ஒனக்காகத்தானேடி இவ்வளவு அசிங்கப்படறேன்? வயித்துல இருக்கும்போதே வேணாம்னுதான் நெனச்சேன். அன்னிக்கே கலைச்சிருந்தா இன்னிக்கு நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நான் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இதெல்லாம் தாய் சொல்கிற பேச்சுதான். எந்த வீட்டில் சொல்லவில்லை? சொன்ன இடத்திலேயே காற்றில் போய்விடும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

அதற்கப்புறம் மகளின் பேச்சு குறைந்தது. அழைத்தால் "ம்", "சரி", "படிக்கணும்". விடுமுறைக்கு வரவில்லை. "பெரிய ஊரு, பெரிய வீடு, அம்மா வாசனை ஆகாமப் போச்சு" என்று அக்கா அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து அதை வைத்துத் தன்னையே குத்திக்கொண்டாள். கடைசிப் பரீட்சை நெருங்க நெருங்க, வீட்டில் பின்னறையை ஒழித்து வெள்ளையடித்தாள். மேலே மீந்துபோன துணியைக் கேட்டு வாங்கித் திரை தைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அடித்தளத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அக்கா அந்த நேரத்தில்தான் போனை இரண்டாவது தடவை காதுக்குக் கொண்டுபோனாள். 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அவள் வழக்கம்போல இரண்டு வார்த்தை திட்டிவிட்டு இறக்கினாள். 'விர்ர்' என்று எதுவோ பறந்து போகிற சத்தம்.

"அக்கா, அது என்ன சத்தம்?" என்றேன்.

"என்னமோ கத்துது. பழசுல்ல."

வாங்கிப் பார்த்தேன். தங்கச்சிக்கு எழுதும் பக்கத்தில், நாம் அனுப்பியது வந்து நிற்கும் பக்கமாக, குரல் பதிவுக்கு வருவது போல அலையலையாகக் கோடு போட்ட ஒரு பட்டை உட்கார்ந்திருந்தது. சூப்பர்வைசரிடம் கேட்கக்கூட இல்லை, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் போன் ரிப்பேர் கடைக்குப் போனேன்.

ரிப்பேர்காரர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். "இது ஒண்ணும் ரிப்பேர் இல்லக்கா, வசதிதான். காதுகிட்ட கொண்டுபோனா வந்த மெசேஜப் போடும். கேட்டு முடிச்சிட்டுத் திரும்பக் கொண்டுபோனா, பதில் சொல்லப் போறீங்கன்னு நெனச்சு ரெக்கார்ட் பண்ணும். கீழ எறக்கினா அனுப்பிடும். செட்டிங்ஸ்ல மெசேஜுக்குள்ள போயி இத அணைச்சுட்டாப் போதும். இதோ, அணைச்சுட்டேன்."

எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ இந்த வசதியை. அவன் வீட்டில் யாரும் யாரையும் திட்டுவதே இல்லை போலிருக்கிறது.

"அப்ப இதுக்கு முன்னாடி பேசினதெல்லாம்?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் கொஞ்ச நேரத்துல தானா அழிஞ்சிடும்க்கா. அங்க கேட்டவங்க சேமிச்சு வெச்சாத்தான் இருக்கும்." அவர் விரலால் திரையை மேலே தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். நடுநடுவே சின்னச் சின்னச் சாம்பல் நிற வரிகள், அக்காவுக்குப் படிக்க வராத பாஷையில். பிறகு அந்த மனிதர் வெள்ளந்தியாகச் சிரித்தார். "உங்க பேச்சு அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும் போல. ஒண்ணு விடாம சேமிச்சு வெச்சிருக்காங்களே."

அக்கா கடை வாசலிலேயே நின்று தங்கச்சியை அழைத்தாள். மெஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். எனக்கும் எல்லாம் கேட்டது.

"ஆமா, வந்துச்சு" என்றாள் தங்கச்சி, பதறாமல். "மொதல் தடவ கேட்டப்ப ராத்திரி பூரா அழுதேன்க்கா. என் மூக்கத் தொடச்ச கதைய ஊருக்கே சொல்லிட்டிருக்கியேன்னு. அப்புறம் பழகிடுச்சு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி. அப்பவே நிறுத்தியிருப்பேன்."

"எத நிறுத்தியிருப்ப? அனுப்பறதையா, நெனைக்கறதையா?"

"எம்பொண்ணும் கேட்டாளா?" என்றாள் அக்கா.

"கேட்டா. நாந்தான் போட்டுக் காட்டினேன். எதுக்கெடுத்தாலும் எங்கம்மா எங்கம்மான்னு எங்கிட்ட எகிறினாளே, தெரிஞ்சுக்கட்டும்னுதான்."

தங்கச்சிக்கு வலித்தது நிஜம். நான் இல்லை என்று சொல்லவில்லை. அக்காவின் நாக்கில் நரம்பில்லாமல் போனதும் நிஜம். ஆனால் வலித்தவள் அக்காவைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பெற்றவள் பேச்சைப் பெண்ணின் காதில் ஊற்றினாளே, அதை நான் எந்தக் காலத்திலும் மன்னிக்க மாட்டேன். என் மன்னிப்பை இங்கே யார் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பரீட்சை முடிந்து மகள் வந்தாள். பின்னறைத் திரையை மாட்டிக் கொடுக்க அக்கா என்னைக் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். தோளில் ஒரே ஒரு சின்னப் பை. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்குப் புரிந்தும் புரியாத மாதிரி, அறையைக் காட்டினாள், ஜன்னலைத் திறந்து காட்டினாள், திரையை இழுத்து இழுத்துக் காட்டினாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வந்து அவளருகே உட்கார்ந்தாள்.

"இங்க பாரும்மா, இதுல ஒரு செட்டிங் இருந்திருக்கு. எனக்குத் தெரியாது. காதுகிட்ட போனாலே அதுவா பதிஞ்சு அதுவா அனுப்பியிருக்கு. ரிப்பேர்காரரே சொன்னாரு. இந்தா, இவளக் கேளு."

நான் வேகமாகத் தலையாட்டினேன்.

"அதுவா அனுப்புச்சு, சரிம்மா" என்றாள் மகள். "அதுவாவா பேசுச்சு?"

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "கோவத்துல சொன்னதுடி" என்றாள்.

"தெரியும்மா. ஒனக்குக் கோவம் வந்தா என்னென்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா? எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கும்போது சித்தி அதப் போட்டாங்க. சித்தப்பா இருந்தாரு, புள்ளைங்க இருந்தாங்க. எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் சாப்பிட்டு முடிச்சு, எல்லார் தட்டையும் கழுவி வெச்சுட்டு, மறுநாள் காலேஜ் போனேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அக்கா பிடித்து மடியில் போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். சித்தி வீட்டில் இல்லை, கூடப் படித்தவர்களோடு தனியாக அறை எடுத்துவிட்டாளாம். அக்கா சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், தட்டைக் கழுவப் போனாள். அக்கா ஓடிப்போய் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை நாங்கள் இருவரும் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்த மகளை அண்ணாந்து பார்த்தபடி அக்கா நின்றாள். "நீ கூப்பிட வேணாம். நான் கூப்பிட்டா எடுப்பியா?" என்றாள்.

"பேச வேணாம்மா. எழுதி அனுப்பு" என்றாள் மகள். "எழுதினா, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுப் பாப்பல்ல."