ஆறு மூடி சோப்பு

புஞ்சாக் ஆலாம் கல்யாண மண்டபத்தில் கம்பளம் கழுவிக்கொண்டிருந்தபோது அசாம் ஜாவாவில் இருக்கும் தனம் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. "தனம் அக்கா தவறிட்டாங்க. ஒடனே வா லா." மெஷினை நிறுத்தத் தோன்றாமல் கழுவிய இடத்தையே மறுபடி கழுவினேன். அடக்கம் முடிந்து மூன்று நாளாகியும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தனலட்சுமி அக்கா எங்கள் துப்புரவுக் குழுவின் சூப்பர்வைசர். தோட்டத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மண்டோர்களுக்கு இருக்கும் தொண்டை அவருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, நடைபாதையில் கறுத்திருந்த கம்பளத்தைப் போட்டுத் தேய்த்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "அது அழுக்கு இல்ல லா, தேய்மானம். செருப்புல வர்ற மண்ணு நூல கீறிடும். கீறுன நூலு மினுங்காது. எத்தன கழுவுனாலும் அழுக்கு மாரிதான் தெரியும்." மேலாளரிடம் சண்டை போட்டு வாசலில் நீளமான கால்மிதி போடவைத்ததும் அவர்தான்.

நான் அவசரக்காரி. ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள், பளிச்சென்று வரட்டுமே என்று இரண்டு மூடி சோப்புக்குப் பதில் ஆறு மூடி ஊற்றினேன். சரியாக அலசவும் இல்லை. கல்யாணத்தன்று கம்பளம் புதிது போலிருந்தது. பத்தே நாளில் முன்பைவிடக் கறுத்தது. நூலில் தங்கிய சோப்பு பிசுபிசுத்து, வந்தவர்கள் கால் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது.

"யாரு செஞ்சது?" என்று மேலாளர் கத்தினார். நான் அக்காவின் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான்" என்றார் அக்கா.

அந்த மாதமே அவரைச் சுங்கை சோ தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் இரண்டு பஸ். "ஏன்க்கா?" என்று அழுதேன். "என்னைய எடம் மாத்துவாங்க, ஒன்னைய தூக்கிருவாங்க லா. இனிமே தண்ணி தெளியிற வரைக்கும் அலசு, போதும்."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று நினைத்து நினைத்தே நாலு வருடம் ஓட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று மேலாளர் அறைக்குப் போனேன். "அன்னிக்கு சோப்ப அதிகமா ஊத்துனது நான்தான் சார். தனம் அக்கா இல்ல."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எந்த சோப்பு?" என்றார்.

கீழே வந்து வெறும் தண்ணீரில் கம்பளத்தை அலசினேன். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. என்னால்தான் நிறுத்த முடியவில்லை.

இனி பஸ் பிடிக்க ஓட வேண்டாம், அக்கா. நிதானமாகப் போங்கள்.